நீராவி இயந்திரமும் நம் முன்னோரும்

நம் யோங் பெங்கில் இரயில் நிலையம் இல்லை. இரயிலேற நாம் குளுவாங் செல்கிறோம். அப்பாதையில் முன்னாளில் விரைந்தோடிய நீராவி இயந்திரங்களைப் பற்றி அறிவோம்.

ஜொகூர் இரயில் பாதை 1909-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1938 முதல் 1946 வரை, கிளாஸ்கோ நகரின் 'நார்த் பிரிட்டிஷ்' தொழிற்சாலை மலாயாவுக்கென ஒருவகை விரைவு இயந்திரங்களைச் செய்தளித்தது. பின்னாளில் அவை '56-ஆம் வகுப்பு' எனப்பட்டன. முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெருஞ்சக்கரங்கள், பின்னே இரண்டு, ஆகப் பன்னிரண்டு. கொதிகலனில் எழுந்த நீராவி, மூன்று உருளைகளினுள் உந்துதண்டுகளைத் தள்ளிப் பெருஞ்சக்கரங்களைச் சுழற்றியது. பிரிட்டனின் பாதையைவிடக் குறுகிய, ஒரு மீட்டர் அகலப் பாதையில் அவை ஓடின. ஊர்ப் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. 'தெமெர்லோ' அவற்றுள் ஒன்று. 1957-இல் விரைவு டீசல் இயந்திரங்கள் வந்தபின், அவை படிப்படியாக ஓய்வு பெற்றன.

இயந்திரம் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. ஆயினும், மலாயாவில் காடு வெட்டி, மண் சுமந்து, தண்டவாளம் இட்டவர்களுள் தமிழர் பலர். ஊர்களின் பெயர்களை இயந்திரங்கள் சுமந்தன. அத்தொழிலாளர்களின் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஆகவே, நம் தாத்தா பாட்டியரிடம் கேட்டு, நம் குடும்பத்தில் இரயில் பாதையில் உழைத்தோரின் பெயர்களை இன்றே எழுதி வைப்போம்.