ஜேசிபி இறங்கும் முன்

சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் வரைதான் நம் பகுதியில் மண் வேலைக்குக் காலம். வாய்க்கால் தூர்வாருவது, வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது, போர் இறக்குவது, கொல்லைக்கு வேலிக்கால் ஊன்றுவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. வண்டி வந்து நின்றதும் எல்லோருக்கும் ஓர் அவசரம் வந்துவிடுகிறது. குழாயும் கேபிளும் அறுபடுவது அந்த அவசரத்தில்தான்.

பூம்புகாரைச் சுற்றியுள்ள ஊர்களில் சாலையோரம் குடிநீர்க் குழாயும் ஓஎப்சி எனும் கண்ணாடி இழைக் கேபிளும் ஓடுகின்றன. மயிலாடுதுறை மாவட்டத்தில் பல வயல்களுக்கு அடியில் எண்ணெய், எரிவாயுக் குழாய்களும் உண்டு. தோண்டுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள். அன்று காலையில் விசாரித்துப் பயனில்லை.

மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மார்ச் 22-ல் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியை வெளியிட்டது. தோண்டப் போகும் இடத்தையும் தேதியையும் அதில் குறித்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் ஓஎப்சி கேபிள் அறுபடுகிறது, 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசே கணக்குச் சொன்னது. செயலியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் பதிவான லைன் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

பதிவாகாததை ஊரில்தான் கேட்க வேண்டும். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவருக்கு எந்தத் தெருவில் பைப் எந்தப் பக்கம் போகிறது, கேட் வால்வு எங்கே புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். லைன்மேனையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். அடுத்தது உங்கள் சொந்த லைன். மீட்டர் பெட்டியிலிருந்து போர் மோட்டாருக்குப் போகும் கேபிள் எந்த அலுவலக வரைபடத்திலும் இருக்காது. அப்பா காலத்தில் போட்டது என்றால் போட்ட வயர்மேனைத் தேடிப் பிடித்தாவது கேளுங்கள். நான் அதிகம் பயப்படுவது இந்த லைனுக்குத்தான்; யாரும் இதைக் கணக்கில் வைப்பதில்லை.

கேபிள் தேடும் கருவியை வாடகைக்கு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவியைச் சாதாரண முறையில் வைத்தால், கேபிளில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தைத்தான் அது பிடிக்கும். மோட்டார் நின்றிருந்தால் கேபிளில் மின்சாரம் இருந்தும் கருவி சத்தம் போடாது. எனவே மோட்டாரை ஓடவிட்டுத் தேடுங்கள். தடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டு, மெயினை அணைத்தபின் தோண்டுங்கள். பிவிசி, எச்டிபிஇ பைப்புகள் இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. பைப்புக்குள் ஒரு வயரைச் செலுத்தி, அதில் சிக்னல் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தரைக்குள் பார்க்கும் ராடார் கருவி பிளாஸ்டிக்கையும் காட்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஈரக் களிமண்ணிலும் கடலோர உவர் மண்ணிலும் அதன் அலை ஆழம் போகாமல் அடங்கிவிடும். நம் மண்ணில் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆழத்தையும் நம்பக் கூடாது. வீட்டு மின்சாரக் கேபிள் 75 சென்டிமீட்டர், 11 கேவி கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. போட்ட பிறகு கரையை வெட்டியிருப்பார்கள், சாலையை உயர்த்தியிருப்பார்கள். கண்ணால் பார்த்த பிறகுதான் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும்.

அதற்கு ஒரே வழி, கையால் தோண்டும் சோதனைப் பள்ளம். தடம் என்று நினைக்கும் கோட்டுக்குக் குறுக்காக, இரண்டு பக்கமும் இரண்டடி தள்ளித் தொடங்குங்கள். கடப்பாரையும் பிக்காசும் வேண்டாம். மரப்பிடி மண்வெட்டியால் மண்ணை மேலாகச் சீவிச் சீவி எடுங்கள். முறையாகப் போட்ட கேபிள் ஆற்று மணலில் படுத்திருக்கும்; மேலே செங்கல் அடுக்கியிருப்பார்கள். கறுப்புக் களிமண்ணுக்கு நடுவே திடீரென்று வெள்ளை மணலோ வரிசையாகச் செங்கல்லோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு கையால்தான் விலக்க வேண்டும். லைன் வெளியே தெரிந்த பிறகும், அதற்கு இருபுறமும் இரண்டடிக்குள் ஜேசிபி பக்கெட் வரக் கூடாது.

பூம்புகாரில் செங்கல் கண்டால் நிறுத்த இன்னொரு காரணமும் உண்டு. கீழையூரில் தொல்லியல் துறை கண்டெடுத்த பழைய படகுத்துறை, பெரிய செங்கற்களால் கட்டியது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. இப்படிப் புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

எரிவாயுக் குழாய் போகும் வயலில் அடையாளக் கம்பம் நட்டிருப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நேர்கோடு போட்டுக்கொள்ளாதீர்கள். குழாய் இடையில் வளைந்திருக்கலாம். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய் போகும் நிலப் பட்டையில் பயிர் செய்யலாம். வீடு கட்டவோ, கிணறு, குளம் வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. அங்கே எந்தத் தோண்டலும் நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நிற்கும்போதுதான் நடக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் வயலில் ஓரிடத்தில் மட்டும் விடாமல் குமிழி வந்தாலோ, காரணமில்லாமல் பயிர் கருகினாலோ உடனே சொல்லுங்கள். 2017 ஜூனில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

பக்கெட் கேபிளில் பட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலை அகட்டாமல் தள்ளிப் போக வேண்டும். எரிவாயுவென்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு, காற்று வீசி வரும் திசைப் பக்கமாக ஓடுங்கள். தூரம் போன பிறகுதான் போனை எடுக்கலாம்.

குழாயில் கீறல் மட்டும் விழுந்தால் மண்ணைத் தள்ளி மூடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேல்பூச்சு போன இடத்தில் துரு ஏறி, சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் நிற்கும்போது உடையும். கீறலைச் சொன்னால் வேலை ஒருநாள் நிற்கும், அவ்வளவுதான்.

புதிதாகப் பைப் போடுபவர்கள் கூடவே ஒரு செம்பு வயரையும், ஓரடிக்கு மேலே எச்சரிக்கை நாடாவையும் போட்டு மூடுங்கள். மூடுவதற்கு முன், வீட்டு மூலையிலிருந்தும் மின்கம்பத்திலிருந்தும் டேப் பிடித்து அளந்து, படம் எடுத்து, பத்திரத்தோடு வையுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அவசரத்துக்கு 112. எரிவாயு நிறுவனத்தின் எண் கம்பத்திலேயே எழுதியிருக்கும். மூன்றையும் உங்கள் போனிலும் ஜேசிபி ஓட்டுநர் போனிலும் பதிந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.