தீவுகளில் இணைய வேகக் குறைவும் பழைய கணினியும்

சென்னைக்குக் கிழக்கே, வங்காள விரிகுடாவைக் கடந்து, நேர்க்கோட்டில் சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் பிளேர் நகரம் அமைந்துள்ளது. 2024ஆம் ஆண்டு முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரமாகிய அவ்வூரிலிருந்து இணையச் செய்திகள் இந்தியப் பெருநிலத்தை அடைவதற்கு 2020ஆம் ஆண்டு வரையில் செயற்கைக் கோள்களையே நம்ப வேண்டியிருந்தது. அக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டவை. கேள்வி மேலே சென்று கீழே இறங்க வேண்டும். விடையும் அவ்வாறே மேலே சென்று கீழே இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். ஓர் இணையப் பக்கம் திறப்பதற்கு இத்தகைய கேள்வியும் விடையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறை நிகழ வேண்டும். பத்து முறை நிகழ்ந்தால் ஐந்து விநாடி காத்திருப்பிலேயே கழியும். கோள் வழியின் கொள்ளளவும் சிறிது. எல்லாத் தீவுகளும் அதைப் பங்கிட்டுக்கொண்டன.

2020 ஆகஸ்டு 10ஆம் தேதி சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேர் மட்டுமன்றிக் கார் நிக்கோபார், கமோர்ட்டா, சிறிய அந்தமான், பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் அது செல்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆதலால் சென்னைக்குச் சென்று திரும்பும் பயணம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் பதினைந்து பங்களவில் முடிந்துவிடக்கூடும். சாதனங்களில் ஏற்படும் தாமதத்தைச் சேர்த்தாலும் பழைய அரை விநாடிக்கு இது ஈடாகாது.

ஆயினும் இணைப்பு மந்தமாக இருக்கும்போதெல்லாம் கடலின்மேல் பழி போடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. கடல் வடம் பழுதுபட்டால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் துன்புறும். ஒரு வீட்டிலோ ஒரு பள்ளியிலோ மட்டும் வேகம் குறைந்தால், காரணத்தைக் கடைசிச் சில நூறு மீட்டருக்குள் தேடுவதே முறை. பல வேளைகளில் அது மேஜைமேல் உள்ள பழைய கணினியிலேயே இருக்கும். இதைப் பிரித்தறியாமல் புகார் எழுதினால், பழுது பார்ப்பவர் வேறு தீவிலிருந்து கப்பலேறி வந்து, கம்பியில் குறையில்லை என்று சொல்லித் திரும்ப நேரிடலாம். அதற்குள் ஒரு மாணவனின் விண்ணப்பத்துக்குரிய கடைசி நாள் கடந்துவிடும்.

முதலில் அளவைப் பற்றி ஒரு சொல். இணைப்பு வழங்குவோர் வேகத்தை மெகாபிட் கணக்கில் கூறுவர். கணினியோ கோப்பு இறங்குவதைப் பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் காட்டும். எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். ஆகவே 10 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 1.25 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இதை அறியாததனால் எழும் புகார்கள் சிலவல்ல.

இனி ஆராயும் முறை. செய்தி செல்லும் வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியே அளக்க வேண்டும். பழைய கணினியை மோடத்துடன் கம்பி மூலம் நேராக இணைத்து, மற்றக் கருவிகளை நிறுத்தி, வேகத்தைச் சோதித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே கணினியை வைஃபை மூலம் இணைத்துச் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, புதிய கைப்பேசி ஒன்றை மோடத்தின் அருகில் வைத்துச் சோதிக்க வேண்டும். இம்மூன்றையும் விடியற்காலையிலும் இரவு எட்டு மணியளவிலும் செய்தல் நலம். சோதனைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே ஊரின் வழங்கியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எண்களை ஒப்பிட இயலாது. காலையில் விரைவும் இரவில் மந்தமும் தோன்றினால் அது பலர் ஒருங்கே பயன்படுத்துவதால் வரும் நெரிசல். வீட்டில் சரிசெய்யத் தக்கதன்று.

எல்லாக் கருவிகளிலும் எந்நேரமும் மந்தமாயின் இணைப்புக் கம்பியையே ஐயுற வேண்டும். பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்பாயின், தீவுகளின் உப்புக்காற்றும் மழையும் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி ஓசையை நிறுத்தியபின் கரகரப்புக் கேட்டால், எங்கோ ஒரு முனை கெட்டுள்ளது. கண்ணாடி இழையாயின் கரகரப்பு இல்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதையும், இழை எங்கேனும் கூர்மையாக மடங்கியுள்ளதா என்பதையும் பார்க்கலாம். இழையின் முனையைக் கண்ணால் உற்று நோக்குதல் கூடாது.

கைப்பேசி விரைவாகவும் கணினி மந்தமாகவும் இருந்தால் ஆராய்ச்சி இன்னும் சுவையுடையதாகிறது. கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘பிங்’ என்னும் கட்டளையை மோடத்தின் முகவரிக்கு அனுப்பிப் பார்க்கலாம்; அம்முகவரி பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். விடை ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் வர வேண்டும். அது நூறு, இருநூறு என்று ஏறி இறங்கினால் குறை வீட்டுக்குள்ளேயே உள்ளது. கடலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தகரச் சுவர் வைஃபை அலைகளைத் திருப்பிவிடும். 2003ஆம் ஆண்டின் தரத்தில் அமைந்த வைஃபை அட்டை 54 மெகாபிட் என்று கூறினாலும் நடைமுறையில் அதில் பாதியைக்கூடத் தருவது அரிது. பழைய யு.எஸ்.பி. துளையில் செருகிய வைஃபை கருவிக்கு 12 மெகாபிட்டே உச்ச வரம்பு. புதிய கருவி வாங்கிச் செருகினாலும் துளை மாறாதாகையால் பயனில்லை.

கம்பியில் இணைத்தும் மந்தமாயின் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். 2 கிகாபைட் நினைவகமுள்ள கணினியில் இக்காலத்து உலாவியின் சில பக்கங்களைத் திறந்தாலே இடம் நிரம்பிவிடும். அப்போது கணினி மிகுதியை வன்தட்டில் எழுதி எழுதி எடுக்கும். வன்தட்டோ நினைவகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மந்தமானது. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிவதும், எலிக்குறி நகரத் தயங்குவதும் இதன் அடையாளங்கள். பாட ஒளிப்படம் தடைபடும்போது மற்றோர் எளிய சோதனை உண்டு. படத்தின் கீழே ஓடும் கோட்டில், முன்கூட்டியே இறங்கிய பகுதி வெளிறிய நிறத்தில் காட்டப்படும். அது வெகு தூரம் முன்னே சென்றிருந்தும் படம் தத்தித் தத்தி ஓடினால், இணைப்பு தன் கடமையைச் செய்துவிட்டது. படத்தை விரித்துக் காட்டும் வலிமை கணினிக்கு இல்லை. படத்தின் தரத்தைக் குறைத்தால் போதும்.

சில கணினிகளில் மந்தம் போலத் தோன்றுவது மந்தமே அன்று. உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும்; அப்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றிப் பக்கங்கள் திறக்க மறுக்கும். மலிவான மின்கலம் ஒன்றை மாற்றுவதால் தீரக்கூடிய இக்குறைக்காகக் கணினியையே மூலையில் போட்டவர்களும் உண்டு.

நினைவகத்தைக் கூட்டுவதும், வன்தட்டை நீக்கிச் சுழற்சியற்ற திண்மத் தட்டைப் பொருத்துவதும் மெய்யான பயன் தருவன. வேகத்தைப் பெருக்குவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவுதல் வீண். அவையே நினைவகத்தைத் தின்னும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. ஆதலால் பழைய கணினியில் இலேசான லினக்ஸ் வகை ஒன்றை நிறுவுவது வேகத்துக்கும் காப்புக்கும் ஏற்றது. ஆனால் அலுவலகத்தின் தனி மென்பொருள் அதில் ஓடுமா என்பதை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவையெல்லாம் பார்த்தபின்பும் குறை கம்பியில்தான் என்று தெரிந்தால், புகாரில் நாள், நேரம், கம்பியில் கண்ட வேகம், வைஃபையில் கண்ட வேகம், மோடத்துக்கு அனுப்பிய ‘பிங்’ விடை, அண்டை வீட்டின் நிலை ஆகியவற்றை எழுத வேண்டும். அவற்றைக் கண்டால், பழுது பார்ப்பவர் எந்த முனையைப் பிரிக்க வேண்டும், எந்தக் கருவியைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பதைக் கப்பலேறுமுன்பே தீர்மானித்துவிடலாம்.