புதிய மண்ணில் முதல் நாள்

பிறந்த ஊரை விட்டு அயல்நாடு செல்லும் ஒருவர் பெட்டியும் படுக்கையும் எடுத்துச் செல்லலாம். பொருளும் எடுத்துச் செல்லலாம். ஆனால், ‘இவர் இன்னார், இன்னாருடைய மகன்’ என்று ஊரார் தம்மை அறிந்திருந்த அந்த அறிமுகத்தை மட்டும் எடுத்துச் செல்ல இயலாது. கப்பலிலிருந்தோ வானூர்தியிலிருந்தோ இறங்கிய அளவில் அவர் பெயரற்றவர் போல் ஆகிவிடுகிறார். தெருவில் ஆயிரவர் செல்கின்றனர். ஒருவரும் அவரை நோக்கி முறுவலிப்பதில்லை. பிறர் பேசும் மொழி விளங்குவதில்லை. பசி தோன்றுகிறது, எங்கே உண்பது, எவ்வாறு கேட்பது என்பது தெரிவதில்லை. அச்சமும் நாணமும் வீட்டு நினைவும் ஒருங்கே வந்து நெஞ்சை அழுத்துகின்றன. புதிய நாட்டில் முதல் நாள் என்பது பலருக்கும் இத்தகையதே.

பெரியோரும் இதற்கு விலக்கல்லர். காந்தியடிகள் 1888 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சட்டம் பயிலும்பொருட்டுப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பொழுது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. கரையிறங்கும் நாளில் அணிவதற்கென்றே வெள்ளைப் பிளானல் உடையொன்றை அவர் வைத்திருந்தார். அதனை அணிந்து இறங்கிய பிறகே, அத்தகைய உடை தரித்தவர் அங்கே தாம் ஒருவரே என்பதைக் கண்டார். மாற்றுடை இருந்த பெட்டிகளோ வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆதலின் அவற்றைப் பெறவும் வழியில்லை. அவர் உள்ளம் கூசினார்.

அன்று மாலை டாக்டர் மேத்தா என்னும் அன்பர் அவரைக் காண வந்தார். பேசிக்கொண்டிருக்கையில் காந்தியடிகள் அவருடைய மென்மையான தொப்பியைக் கையிலெடுத்து, அதன் மயிரை எதிர்ப்புறமாகத் தடவிவிட்டார். மேத்தா அவரைத் தடுத்து, பிறர் பொருளைத் தொடலாகாது, முதற் சந்திப்பிலேயே பல வினாக்கள் கேட்கலாகாது, உரக்கப் பேசலாகாது என்று அந்நாட்டு வழக்கங்களை எடுத்துரைத்தார். அதுவே ஐரோப்பிய நடையொழுக்கத்தில் அவர் பெற்ற முதற் பாடம். பின்னர்த் தனியறையில் தங்கிய இரவுகளில் தாயின் அன்பை நினைந்து கண்ணீர் வடித்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் மறையாது எழுதியுள்ளார்.

அறியாத நாடு என்பது கடலுக்கு அப்பால்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. முன்பின் வீட்டை விட்டுத் தனியே செல்லாத இளைஞர் ஒருவருக்கு, ஓரிரவுப் பயணத் தொலைவில் உள்ள ஊரும் அயல்நாடே ஆகும். பேசும் மொழி ஒன்றாயினும், தெரிந்த முகம் ஒன்று இல்லாவிடில் அவ்விடம் புதிய மண்ணே. இதற்கு விழுப்புரத்தில் நிகழ்ந்த ஒரு வரலாறு சான்றாக விளங்குகிறது.

பிற்காலத்தில் ரமண மகரிஷி என உலகம் போற்றிய பெரியார், இளமையில் வேங்கடராமன் என்னும் பெயருடையவர். 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். தந்தையார் மறைந்தபின் மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கிப் பள்ளியில் பயின்றார். 1895 ஆம் ஆண்டில் உறவினரான முதியவர் ஒருவர், தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறினார். அப்பெயரைக் கடவுளின் பெயராகவே கேட்டிருந்த வேங்கடராமன், அது கால்நடையாகவும் சென்று சேரத்தக்க ஓர் ஊர் என்றறிந்து பெருவியப்புற்றார். அன்று முதல் அவ்வூரின் நினைவு அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

1896 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென ஒதுக்கிய ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுச் சென்றார். வீட்டாரை அறிவியாது செல்லுதல் ஏனைய இளைஞர் பின்பற்றத்தக்க நெறியன்று. அவருடைய வேட்கை தனித்தன்மை வாய்ந்தது.

புறப்படுமுன் பழைய நிலப்படம் ஒன்றை விரித்துப் பார்த்தார். திருவண்ணாமலைக்கு அணித்தாக உள்ள புகைவண்டி நிலையம் திண்டிவனம் என்று அப்படம் காட்டிற்று. திண்டிவனம் என்பது புளியமரக் காடு என்னும் பொருள் தரும் ‘திந்திரிணி வனம்’ என்பதன் திரிபென்பர். அவர் அவ்வூருக்கே பயணச்சீட்டு வாங்கினார். அதன் விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. அக்காலத்தில் பதினாறு அணா ஒரு ரூபாய். ஆகவே அவர் கையில் எஞ்சியது மூன்று அணா. உண்மையில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு அப்போதே இருப்புப்பாதை அமைந்திருந்தது. பழைய படத்தில் அது காணப்படவில்லை. மதுரை நிலையத்துக் கட்டணப் பட்டியலில் இன்னும் சில வரிகள் கீழே நோக்கியிருப்பின், திருவண்ணாமலை என்னும் பெயரையும், அதற்குரிய கட்டணம் சரியாக மூன்று ரூபாய் என்பதையும் அவர் கண்டிருப்பார்.

வண்டியில் நரைத்த தாடியையுடைய மௌல்வி ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் தாமே முன்வந்து இளைஞரிடம் எங்கே செல்வதென்று வினவினார். அவருடன் உரையாடியபோதுதான், திண்டிவனம் வரை செல்ல வேண்டுவதில்லை என்பதும், விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி ஏறினால் திருவண்ணாமலையை அடையலாம் என்பதும் வேங்கடராமனுக்கு விளங்கின. படம் கூறாததை ஒரு மனிதர் கூறினார். மாலையில் திருச்சிராப்பள்ளியை அடைந்ததும் பசித்தது. அரையணாவுக்குப் பேரிக்காய் வாங்கினார். இப்போது கையிருப்பு இரண்டரை அணா.

ஆகஸ்டு 30 ஆம் நாள், இரவு மூன்று மணியளவில் வண்டி விழுப்புரத்தை அடைந்தது. இளைஞர் இறங்கினார். புலரும் வரை நிலையத்திலேயே காத்திருந்தார். விடிந்தபின் ஊருக்குள் நடந்தார். எஞ்சிய வழியை நடந்தே கடந்துவிடலாம் என எண்ணித் திருவண்ணாமலைக்கு வழிகாட்டும் பலகையைத் தேடினார். ‘மாம்பழப்பட்டு’ என்றெழுதிய பலகை ஒன்று கண்ணில் பட்டது. ஆனால் மாம்பழப்பட்டு திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் உள்ளது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? பலகை ஊரின் பெயரைக் கூறுமேயன்றி, ‘நீ தேடும் வழி இதுவே’ என்று கூறாது. யாரையும் வினவவும் அவருக்கு மனமில்லை. வழியறியாது அலைந்து களைத்தார்.

பசி மிகவே, ஓர் உணவு விடுதியினுள் சென்று உணவு கேட்டார். நண்பகலில்தான் உணவு ஆயத்தமாகும் என்றனர். அதுவரை அங்கேயே கண்மூடி அமர்ந்திருந்தார். உண்டபின் இரண்டணாவை எடுத்து நீட்டினார். விடுதிக்காரர் அவரை உற்று நோக்கினார். நீண்ட முடியும், காதில் பொன் கடுக்கனும் உடைய பிள்ளை; துணையாக ஒருவருமில்லை. கையில் எவ்வளவு உள்ளது என்று வினவினார். இரண்டரை அணாவே உள்ளது என்றறிந்ததும் காசைப் பெற மறுத்துவிட்டார். மாம்பழப்பட்டு திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியிலேயே உள்ளது என்பதையும் அவரே எடுத்துரைத்தார்.

இங்கே சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடுதிக்காரர் இரண்டணாவைப் பெற்றிருந்தால் எஞ்சியிருப்பது அரையணாவே. அவர் பெற மறுத்த அக்காசே மாம்பழப்பட்டு வரை செல்லும் பயணச்சீட்டாயிற்று. வழி கேட்க நாணிய இளைஞர், பசியினால் சோறு கேட்கப் புகுந்தார். சோற்றுடன் வழியும் கிடைத்தது. ஆகவே, அறியாத ஊரில் வாய் திறந்து கேட்பது இழிவன்று என்பதும், கேட்டவர்க்கு மனமுவந்து கூறுவது பேருதவி என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

மாம்பழப்பட்டில் இறங்கி ஏறத்தாழ 10 மைல் நடந்து, மாலையில் அறையணிநல்லூர்க் கோயிலை அடைந்தார். பாறைமேல் அமைந்த அக்கோயிலிலும், அடுத்துள்ள கீழூர்க் கோயிலிலும் உணவு கேட்டார், கிடைக்கவில்லை. அப்போது கீழூர்க் கோயிலின் மேளக்காரர், தமக்குரிய பங்குச் சோற்றை அவருக்குக் கொடுக்குமாறு கூறினார். அச்சோற்றுடன் தண்ணீர் பெறுவதற்காக ஒரு வீட்டின் முன் சென்றபோது இளைஞர் நினைவிழந்து விழுந்தார், சோறு சிதறிற்று. விழித்தெழுந்து தண்ணீர் பருகினார். சிதறியதைத் திரட்டி உண்டு, வெறுந்தரையில் படுத்துறங்கினார். புதிய மண்ணில் அவருக்கு முதல் நாள் இவ்வாறு கழிந்தது. அன்று அவர் உண்ட இரு வேளை உணவும் முன்பின் அறியாதவர் அளித்தவை. ஒருவர் தமக்கு வரவேண்டிய காசை விட்டார். மற்றவர் தாம் உண்ண வேண்டிய சோற்றையே விட்டார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் இல்லத்தில் அம்மையார் ஒருவர் அவருக்கு அன்புடன் உணவளித்தார். அங்கே கடுக்கனை ஈடாக வைத்து நான்கு ரூபாய் பெற்றுக்கொண்டார். செப்டம்பர் 1 ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். 1950 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள் மறையும் வரை அவ்வூரை விட்டு அவர் நீங்கவே இல்லை.

எல்லாருக்கும் இத்தகைய நல்வரவு கிட்டியதில்லை. 1860 ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். அதன்பின் 1911 ஆம் ஆண்டு வரை, தமிழ் மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும், விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காட்டிலிருந்தும் ஏழை மக்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயரும் தந்தை பெயரும் ஊரும் ஏட்டில் பதியப்பட்டன. அவர்தம் மொழியறிந்து, ‘உண்டீரா?’ என வினவுவார் அங்கு எவருளர்? ஒரே கப்பலில் வந்தவர்களே ஒருவர்க்கொருவர் உறவினராயினர்.

அத்தகையோருள் ஒருவர் பாலசுந்தரம் என்னும் தமிழர். 1894 ஆம் ஆண்டில், முதலாளியால் அடியுண்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, கிழிந்த உடையுடன் தலைப்பாகையைக் கையிலேந்தி, டர்பனில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகள்முன் அழுது நின்றார். காந்தியடிகள் முதலில் அவரைத் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் செய்தார். பிறகு அவர் கூறியதைத் தமிழரான தம் எழுத்தர் வாயிலாகக் கேட்டறிந்து, மருத்துவரிடம் அனுப்பி, வேறு முதலாளியிடம் அவர் பணிபுரிய வகை செய்தார். ஆறு ஆண்டுகட்கு முன்னர் அயல்நாட்டில் நாணி நின்ற இளைஞரே, இப்போது அயல்நாட்டில் நலிந்தவர்க்கு ஆதரவாயினார்.

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிய முறையில் இயற்றும் செய்யுளைத் தொல்காப்பியம் ‘விருந்து’ என்றே குறிக்கிறது. ஆதலின் விருந்தினர் என்போர் புதியராய் வந்தோரே. திருக்குறளில் உறவினரைப் பேணுதற்குச் ‘சுற்றந்தழால்’ என ஓர் அதிகாரமும், புதியோரைப் பேணுதற்கு ‘விருந்தோம்பல்’ என வேறோர் அதிகாரமும் உள்ளன. அறிந்தவர்க்கு உணவளித்தல் அன்பு. அறியாதவர்க்கு உணவளித்தல் அறம். விழுப்புரத்து விடுதிக்காரரும் கீழூர் மேளக்காரரும் ஆற்றியது இவ்வறமே.

இன்று விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளில் இருப்புப்பாதைகள் பிரிந்து செல்கின்றன. நம் இளைஞர் பலர் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் பல நாடுகட்குச் செல்கின்றனர். பிற மாநிலத் தொழிலாளர் பலர் தமிழறியாதவராய் நம் நிலையங்களில் வந்து இறங்குகின்றனர். செல்லும் இடத்தில் நாணாது கேட்டறிதலும், வருவோர்க்கு இன்முகத்துடன் வழிகூறலும் மாணவர்க்குரிய கடமைகள். வகுப்பில் புதிதாகச் சேர்ந்து, கடைசிப் பலகையில் தனியே அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் அன்று முதல் நாளே. அவன் பெயரைக் கேட்டுத் தம் அருகில் இடமளிப்பவர், அவனுக்கு ஓர் ஊரையே உரிமையாக்குகின்றனர்.

வினாக்கள்

1. கரையிறங்கிய நாளில் காந்தியடிகள் உள்ளம் கூசியதற்குக் காரணம் யாது?
2. வேங்கடராமன் திண்டிவனத்திற்குப் பயணச்சீட்டு வாங்கியது ஏன்?
3. விடுதிக்காரர் செய்த உதவிகள் இரண்டினை விளக்குக.
4. ‘விருந்து’ என்னும் சொல்லின் பழம்பொருளை இப்பாடக் கருத்தோடு பொருத்திக் காட்டுக.
5. உங்கள் ஊருக்குப் புதியவர் ஒருவர் வந்தால் நீங்கள் செய்யத்தக்க உதவிகள் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.