கறுப்புக் கல்லில் வெள்ளைக் கீற்று

கேள்வி: திரியம்பகேஸ்வரர் தரிசனம் முடித்து நாசிக்கிலிருந்து மும்பைக்குக் காரில் திரும்பினோம். கசாரா கணவாயில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில், சாலைக்காக வெட்டிய பாறை கறுகறுவென்று இருந்தது. அதற்குள் வெள்ளைக் கீற்றுகள். சில விரல் நீளம். உதிர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்து வந்தேன். எரிமலைக் குழம்பு சீக்கிரம் ஆறினால் படிகம் பொடியாகவும், மெதுவாக ஆறினால் பெரிதாகவும் இருக்கும் என்று பாடத்தில் வந்திருப்பதாகப் பேத்தி சொல்கிறாள். ஒரே சில்லில் இரண்டும் இருக்கிறதே ஐயா! இது எப்படி ஆறிய கல்?
– ஒரு வாசகி, கவுந்தப்பாடி

பதில்: மெதுவாகவும் ஆறியது, அவசரமாகவும் ஆறியது அம்மா. உங்கள் ஊர்ச் சரக்கை வைத்தே சொல்கிறேன். கொதித்த கரும்புப்பாகை மரத்தொட்டியில் ஊற்றி, ஆற ஆறத் தேய்த்துக்கொண்டே இருந்தால் நாட்டுச்சர்க்கரை. தேய்க்கத் தேய்க்க எண்ணற்ற இடங்களில் ஒரே நேரத்தில் கரு கட்டுகிறது. இருக்கிற சர்க்கரையை அத்தனை கருவும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு துணுக்குதான் கிடைக்கும். பாகை அலுங்காமல், நூல் கட்டி, வாரக்கணக்கில் விட்டுவைத்தால் கற்கண்டு. அங்கே கரு சில, இரை ஏராளம். கடலைமிட்டாய்க்குப் பதம் பார்க்கத் தண்ணீரில் விடும் சொட்டு இருக்கிறதே, அது டக்கென்று முறியும். அதற்குள் மணியே கிடையாது. அது ஒருவகைக் கண்ணாடி.

கற்குழம்பிலும் இதே கணக்குதான். உருகுநிலைக்குச் சற்றுக் கீழே வெகுநேரம் நின்றால் கருக்கள் குறைவு, இருப்பவை கொழுக்கும். திடீரென்று குளிர்ந்தால் மூலைமுடுக்கெல்லாம் கரு கட்டும். குழம்பும் இறுகிவிடுவதால் இரை நகர்ந்து வந்து சேராது. அதைவிடவும் வேகமென்றால் கரு கட்டவே நேரமில்லை.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹால். கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் தற்செயலாக மெதுவாக ஆறிய பச்சைக் கண்ணாடி கல்போல் ஆகிவிட்டதும், மறுபடி உருக்கிச் சட்டென்று ஆற்றியபோது பழையபடி கண்ணாடியானதும் அவரை யோசிக்க வைத்தன. எடின்பரோவின் கருங்கல்லை உலையில் உருக்கினார். வேகமாக ஆற்றினால் கண்ணாடி, நிதானமாக ஆற்றினால் மணி மணியான கல். முடிவை 1798இல் வெளியிட்டார். நண்பர் ஜேம்ஸ் ஹட்டனுக்குச் சிறு மூசையில் உருக்கி மலையைப் புரிந்துகொள்ளும் வேலையில் நம்பிக்கை இல்லை. அவர் 1797இல் மறைந்த பிறகுதான் ஹால் இதில் மும்முரமானார். பெரியவர் மனம் நோகக் கூடாதென்ற அந்த மரியாதையில் நிலவியல் சில ஆண்டுகளை இழந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் சில்லு. கசாரா கணவாய்க்குத் தால் காட் என்றும் பெயர். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய தக்காணப் பசால்ட் அடுக்குகளில், இப்படிப் பெரிய வெள்ளைப் படிகங்கள் கொண்ட அடுக்குகள் சில உண்டு. அவற்றில் ஒன்று இந்தக் கணவாயின் பெயராலேயே அறியப்படுகிறது. வெள்ளைக் கீற்று பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார். அது வளர்ந்தது பூமிக்கடியில், குழம்பு தேங்கி நின்ற அறையில். கூடவே விளைந்த கனமான கனிமங்கள் அடியில் தங்க, லேசான இது மேலே சேர்ந்தது. பிறகு வெடிப்பு வழியே எல்லாம் வெளியே கொட்டியது. மிச்சக் குழம்பு வெட்டவெளியில் பொடிமணியாக இறுகியதுதான் அந்தக் கறுப்பு.

வெட்டவெளி என்றாலும் தடிமனைப் பொறுத்தது. கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தடிமன் பத்து மடங்கானால் ஆறும் காலம் ஏறத்தாழ நூறு மடங்காகும். ஹவாயில் 1959இல் கிலாவேயா இக்கி பள்ளத்தில் நூறு மீட்டருக்கு மேல் ஆழமாகத் தேங்கிய குழம்பு, மழை நனைத்தும் முழுக்க இறுக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பாறை இடுக்கில் நுழைந்து இறுகிய தகடுகளிலும் இதைக் காணலாம்: குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் பொடிமணி, நடுப்பகுதி பெருமணி. நியூ ஜெர்சியில் ஹட்சன் ஆற்றோரமுள்ள பாலிசேட்ஸ் குன்று இதற்குப் பேர்போனது.

ஆனால் பெரிய படிகம் என்றாலே நெடுங்காலம் என்று பேத்தி முடிவு கட்டிவிட வேண்டாம். உலகின் மிகப் பெரிய படிகங்கள் சில பெக்மடைட் என்ற பாறையில் இருக்கின்றன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், எட்டா சுரங்கத்தில் கிடைத்த ஒரு ஸ்போடுமீன் படிகம் சுமார் 14 மீட்டர் நீளம். பெக்மடைட் தகடுகள் பல மெல்லியவை. அவை யுகக்கணக்கில் சூடாக இருந்திருக்க முடியாது. கடைசிக் குழம்பில் மிஞ்சிய தண்ணீரும் போரான், ஃப்ளூரின் போன்றவையும் கரு கட்டுவதைத் தடுத்து, இரை ஓடிவர வழிவிட்டன. மறுபுறம், அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி பல மீட்டர் தடிமனிலும் கிடைக்கிறது. சிலிக்கா மிகுந்த அந்தக் குழம்பு கோந்துபோல் இழுபடுவதால், ஓரளவு நேரம் கிடைத்தும் படிகம் விளையவில்லை.

சில்லை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் வெள்ளைக் கீற்றின் தட்டையான முகம் கண்ணாடித் துண்டுபோல் மின்னும். பூதக்கண்ணாடி இருந்தால், அந்த முகத்தில் சீப்பால் வாரியதுபோன்ற மெல்லிய இணைகோடுகள் தெரிகின்றனவா என்று பேத்தியைத் தேடச் சொல்லுங்கள்; தெரிந்தால் அது பிளேஜியோகிளேஸ்தான்.