பற்றரித் தண்ணீரின் சுத்தத்தை எப்படி அளப்பது?

அரிசியைத் தராசில் நிறுக்கிறோம். துணியை மீற்றரால் அளக்கிறோம். ஆனால் பற்றரிக்கென்று போத்தலில் விற்கிறோமே, காய்ச்சி வடித்த நீர், அதன் சுத்தத்தை எதனால் அளக்கிறோம்? இவ்வாரம் அதைப் பார்ப்போம்.

அனலைதீவு போன்ற ஊர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அங்கு நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்று நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை மாத்திரமே. படகுக்கும் சோலாருக்கும் பயன்படும் ஈயப் பற்றரிகளில் அந்நீரை ஊற்ற முடியாது. பற்றரியில் குறைவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கி, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பெருகும். குளோரைட்டும் இரும்பும் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போத்தல் வாங்கிச் சென்றவர், நட்டத்தைத் தன் பற்றரியில்தான் காண்பார்.

நிறமோ ருசியோ சுத்தத்தைக் காட்டாது. மின்சாரம் காட்டும். சுத்தமான நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். உப்பு கலந்தால் கடத்துதிறன் ஏறும். இதை 'ஒரு சென்ரிமீற்றருக்கு இத்தனை மைக்ரோசீமென்ஸ்' என்று சொல்வர். 25 பாகை வெப்பத்தில் கடல்நீர் சுமார் 50,000. முற்றிலும் தூய நீர் 0.055 மட்டுமே. இதையே தடையாகச் சொன்னால் 18.2 மெகாஓம் சென்ரிமீற்றர். ஜெர்மானிய விஞ்ஞானி கோல்ராவுஷ் 1894லேயே இந்த எல்லையை நெருங்கிவிட்டார்.

ஆய்வுகூட நீருக்கான சர்வதேச தரம் ஐ.எஸ்.ஓ. 3696, மூன்று தரங்களுக்கு முறையே 0.1, 1, 5 என உச்ச அளவு விதிக்கிறது.

ஒரு கணக்கு: ஒரு லீற்றர் தூய நீரில் ஒரே ஒரு மில்லிலீற்றர் கடல்நீர் கலந்தால், அளவு 50க்கு மேல் போய்விடும். உப்புக்கை பட்ட கேன் ஒன்றே போதும், சரக்கைக் கெடுக்க!

'18 மெகாஓம்' என்று அச்சிட்ட போத்தலைக் கண்டு மயங்காதீர்கள். அந்த அளவு இயந்திரக் குழாயின் வாயில் மட்டுமே நிற்கும். காற்றுப் பட்டதும் கரியமிலவாயு கரைந்து, அளவு சுமார் 1 மைக்ரோசீமென்ஸுக்கு வரும். ஆகவே மிகத் தூய நீரை ஓடும் குழாயிலேயே, காற்றுப் படாமல் அளக்க வேண்டும்.

கடைக்காரருக்கு என் யோசனை இதுதான். குடிநீர் பார்க்கும் டி.டி.எஸ். மீற்றர் முழு எண்ணில்தான் காட்டும். அதன் ஒரு எண் சுமார் 2 மைக்ரோசீமென்ஸ். அது '0' காட்டினால் பெரிய கலப்படமில்லை என்று மட்டும் கொள்ளுங்கள். தசமம் காட்டும் கடத்துதிறன் மீற்றரே நல்லது. பாத்திரத்தை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். விரலை நனைக்காதீர்கள். வெப்பம் ஒரு பாகை ஏறினால் சாதாரண நீரில் அளவு சுமார் 2 வீதம் ஏறும். எனவே 25 பாகைக்குத் திருத்திக் காட்டும் மீற்றரை வாங்குங்கள். இடைக்கிடை நியமக் கரைசலில் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கிருமி, எண்ணெய், சீனி ஆகியவற்றை இந்த மீற்றர் காட்டாது. எண் குறைவாக இருப்பதால் குடிக்க உகந்தது என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

ஒவ்வொரு சரக்கும் வந்தவுடன் ஒரு போத்தலைத் திறந்து அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். மொத்த வியாபாரியோடு பேசும்போது அந்தக் கொப்பிதான் உங்கள் சாட்சி.