உருகாத சீஸ்

சீஸ் என்றாலே பீட்சா மேல் நூல் நூலாக இழுபடுவதுதான் ஞாபகம் வரும். இது இழுபடாத சீஸ். சூடு காட்டினால் இளகும், ஆனால் உருகி ஓடாது. விரலால் தேய்த்தால் பொலபொலவென உதிரும்.

பெயர் கோத்தீஹா. மெக்சிகோவில் மிச்சோவகான் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. (ஸ்பானிய மொழியில் 'ஜே' எழுத்தை 'ஹ' என்று படிக்கணும். நானும் முதலில் 'கோட்டிஜா' என்றுதான் படித்தேன்!) அந்த ஊரை ஒட்டிய மலைப் பண்ணைகளில் இதைச் செய்கிறார்கள்.

வருஷம் பூரா செய்ய மாட்டாங்க. ஜூலை முதல் அக்டோபர் வரை மழைக்காலம். புல் தழைக்கும், மாடு நிறையக் கறக்கும். அந்த நாளில் மலையிலிருந்து சந்தைக்குப் போவதற்குள் பால் கெட்டுப் போயிடும். அதனால்தான் சீஸ் ஆக்கினார்கள். காய்ச்சாத பாலை உறைய வைத்து, பிரியும் தண்ணீரை வடித்து, உப்பைக் கையாலேயே பிசைந்து, பெரிய வட்டமாக அழுத்தி வைப்பார்கள். ஒரு வட்டம் சுமார் 20 கிலோ! 1 கிலோவுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் வேணும், கணக்குப் போட்டுக்கோங்க. அப்புறம் குறைந்தது 3 மாதம் திருப்பித் திருப்பி வைத்துக் காத்திருக்கணும். ஈரம் வற்ற வற்ற உப்பு உறைக்கும். கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் அதில் வளர முடியாது.

கடைகளில் இதே பெயரில் தொழிற்சாலைச் சீஸும் விற்கிறது. விலை குறைவு. பெரும்பாலும் அவ்வளவு நாள் காத்திருப்பதும் இல்லை. மலைப் பண்ணைக்காரர்களுக்கு 2005-ல் தனி வணிகக் குறி ஒன்று கிடைத்தது. ஆனாலும் வெறும் 'கோத்தீஹா' என்ற பெயரை மற்றவர்கள் போடுவதை அது தடுக்காது. ஊர் அவங்களோடது, பேர் எல்லாருக்குமாம்! எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சரி, எப்படிப் பரிமாறுவது? துண்டு போட்டுச் சாப்பிடுகிற சீஸ் இல்லை இது, தூவுகிற சீஸ். வெந்த மக்காச்சோளக் கதிரில் மயோனைஸ் தடவி, இதை உதிர்த்து ஒட்டி, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிவார்கள். கடைசி இரண்டும் நமக்குத் தெரிஞ்ச ருசிதான். மசித்த பீன்ஸ், டாக்கோ மேலேயும் போடுவாங்க. நல்லா முதிர்ந்தது கல் மாதிரி இருக்கும், துருவித்தான் போடணும். எதுவானாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தூவி, ருசி பார்த்துவிட்டு, தேவையானால் மட்டும் உப்பு சேர்க்கணும். முன்னாடியே உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது!