வார்ப்புரு இடம் மாறும்போது

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை காலணித் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. அங்கே தோல் வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காலணியின் ஒவ்வொரு துண்டுக்கும் கூரிய விளிம்புள்ள எஃகு அச்சு ஒன்று உண்டு. அதைத் தோலின்மேல் வைத்து இயந்திரத்தால் அழுத்தினால் துண்டு வெட்டுப்பட்டு வரும். அதே மாதிரிக் காலணியை வேறொரு தொழிற்சாலை செய்யவேண்டுமானால், தோலை அனுப்ப வேண்டாம். அச்சுகளை அனுப்பினால் போதும். ஆனால் எல்லா அச்சுகளும் போகவேண்டும். நாக்குத் துண்டின் அச்சு விடுபட்டால் காலணி முடியாது!

இணையதளங்களிலும் இப்படித்தான். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதேனும் ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் மக்கள்தொகை, பரப்பளவு, நிலப்படம் கொண்ட பெட்டி ஒன்று தெரியும். கட்டுரை எழுதியவர் அதை வரைவதில்லை. எண்களையும் பெயர்களையும் மட்டும் தருகிறார். எது எங்கே, எந்தத் தலைப்பின்கீழ், எந்த அலகில் தோன்றவேண்டும் என்று தீர்மானிப்பது 'வார்ப்புரு' என்னும் தனிப் பக்கம். இத்தகைய வார்ப்புருக்கள் பல ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து வந்தவை.

ஒரு பக்கத்தைப் படியெடுத்தால் முடிந்துவிடும் வேலையன்று இது. ஒரு வார்ப்புரு வேறு பல வார்ப்புருக்களை அழைக்கும். அவை, 2013 முதல், 'லூவா' மொழியில் எழுதிய நிரல்களையும் அழைக்கின்றன. (பிரேசிலில் பிறந்த மொழி இது. லூவா என்றால் போர்ச்சுகீசிய மொழியில் நிலா.) நிலப்படத்தில் ஊரைக் காட்டும் சிவப்புப் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். வேலூரின் தீர்க்கரேகை ஏறத்தாழ 79.1 பாகை கிழக்கு. படத்தின் இடது விளிம்பு 76 பாகை, வலது விளிம்பு 81 பாகை என்று வைத்துக்கொண்டால், புள்ளி இடப்புறத்திலிருந்து (79.1 − 76) ÷ (81 − 76) = 0.62, அதாவது படத்தின் அகலத்தில் 62 விழுக்காடு தள்ளி விழவேண்டும். இந்த விளிம்பு எண்கள் இருப்பது வார்ப்புருவில் அன்று. தனியான தரவுப் பக்கம் ஒன்றில். அது வராவிட்டால் ஊர் எங்கே என்று தெரிந்தும் புள்ளி வைக்க வழியில்லை.

விடுபட்டது நிரலாக இருந்தால் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். அது நல்லதே, தவறு கண்ணில் படுகிறது. என்னைக் கேட்டால், அஞ்சவேண்டியது ஓசையில்லாத பிழைக்கு. வார்ப்புரு 'மக்கள்தொகை' என்ற பெயரை எதிர்பார்க்கிறது. கட்டுரையில் நீங்கள் 'மக்கள் தொகை' என்று இடைவெளி விட்டு எழுதியிருக்கிறீர்கள். நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. செய்தி எதுவும் வராது. அந்த எண் மட்டும் பெட்டியில் தோன்றாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வார்ப்புருவைத் தமிழில் இறக்கித் தலைப்புகளை மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். பிறகு ஆங்கிலத்தில் அது திருத்தப்படுகிறது. புதிய வடிவத்தை மேலே போட்டால், அதைப் பயன்படுத்தும் எல்லாக் கட்டுரைகளிலும் தலைப்புகள் ஒரே நேரத்தில் ஆங்கிலமாகிவிடும்! இதற்காகத்தான் மேற்கோள்களை அமைக்கும் நிரலில், வாசகருக்குத் தெரியும் சொற்களை மட்டும் தனி அமைவுப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இயந்திரப் பகுதியை மாற்றும்போது மொழிபெயர்ப்புக்கு ஆபத்தில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். விக்கிப்பீடியாவில் பக்கங்களை ஏற்றுமதி செய்யும் சிறப்புப் பக்கம் ஒன்று உண்டு. (ஏற்றுமதி யாரும் செய்யலாம்; இறக்குமதிக்கு உரிமை வேண்டும்.) அதில் ஓர் ஊர்க் கட்டுரையின் பெயரைக் கொடுத்து, வார்ப்புருக்களையும் சேர்க்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வார்ப்புருவின் பெயரையே கொடுப்பதைவிட இது மேல். ஏனெனில் ஒரு பக்கம் உண்மையில் பயன்படுத்தியவை மட்டுமே அதனுடன் சேர்ந்து வரும். நிலப்படம் இல்லாத ஊரைத் தேர்ந்தெடுத்தால் நிலப்படத் தரவு வராது. கிடைத்த கோப்பில் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நிலப்படமுள்ள ஊர் ஒன்றைக் கொடுத்து மறுபடியும் எண்ணுங்கள்.